மதில் தோட்டம்

கைப்பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளும்படி வாசலில் நின்ற பெரியவர் கேட்டுக்கொண்டார். பின்னால் தொங்கினால், திரும்பும்போது பட்டு ஏதாவது ஒரு பீங்கான் ஜாடி உருண்டுவிடும் என்பது அவருடைய கவலை. டாம்சின் பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தன்னோடு வந்த நொரீனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சொல்வதற்கு முன்பே நொரீன் தன் பையை முன்னால் தள்ளிவிட்டிருந்தார். பெரியவர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "மறுபடியும் வந்துட்டீங்க போல. அன்னைக்கு மழையில நனைஞ்சுட்டே போனீங்களே, சளி கிளி பிடிக்கலையே?" நொரீன் உறுப்பினர் அட்டையை நீட்டினார். ஆல்டன்ஷா மாளிகைக்குள் கால்வைத்துப் பல வருஷமாகிறது என்று காரில் வரும்போதுதான் சொல்லியிருந்தார்.

டாம்சின் அதைக் கேட்காதவள்போல் இருந்துவிட்டாள். செப்டம்பரில் அவளுக்கும் நொரீனின் ஒரே மகன் லூயிஸுக்கும் கல்யாணம். மாமியாராகப் போகிறவரிடம் "ஏன் பொய் சொன்னீங்க?" என்று ஒரு புதன்கிழமைக் காலையில் கேட்க முடியாது. ஆனால் அன்று அவளுக்குப் பிடிபடாத விஷயம் அது ஒன்றுதான் என்றில்லை. நொரீன் அழைத்த விதமே விசித்திரமாக இருந்தது. கையில் அவளுடைய எண் இருந்தும், அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே போன் செய்திருந்தார். மாளிகையை ஒட்டிய பழைய கண்ணாடிக் கூடத்தை இப்போது கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்களாம், படம் எடுக்க அழகாக இருக்குமாம், இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வரலாமாம். "லூயிஸ்கிட்ட சொல்லாத கண்ணு. அவனுக்கு ஓர் ஆச்சரியமா இருக்கட்டும்." ஆச்சரியம் என்ற சொல்லும் நொரீனும் ஒட்டவேயில்லை. கிறிஸ்துமஸ் பரிசைக்கூட விலைச்சீட்டோடு கொடுத்து, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள் என்று சொல்கிற மனுஷி அவர்.

லூயிஸ் முன்பே எச்சரித்திருந்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஞாயிற்றுக்கிழமை விருந்து ஒன்று முடிந்து வீடு திரும்பும்போது. "எங்கம்மாவுக்கு எவளையும் பிடிக்காது. கெர்ரிகிட்ட என்னென்னவோ ஓதி, அவளைக் கிளப்பிவிட்டதே அவங்கதான். உன்னையும் ஒருநாள் தனியா எங்கயாவது கூப்பிடுவாங்க பாரு. கூப்பிட்டா எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடு." கெர்ரி அவனோடு முன்பு வாழ்ந்தவள். குடிப்பாள், சாமான்களை உடைப்பாள், கடைசியில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்று டாம்சின் கேள்விப்பட்டிருந்தாள். இப்போது அவன் சொன்னபடியே நடந்திருந்தது. ஆனால் அவனிடம் அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நேற்றிரவிலிருந்து யோசித்தும் அவளுக்கே விளங்கவில்லை. சொன்னால் அவன் முகம் எப்படி மாறும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

மாளிகைக்குள் வெயில் படாமல் இருக்கத் திரைகளைப் பாதிக்கு இறக்கியிருந்தார்கள். அந்த மங்கல் வெளிச்சத்தில் கம்பளங்களும் கட்டில்களும் தண்ணீருக்கடியில் கிடப்பவைபோலத் தெரிந்தன. யாரும் உட்கார்ந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு நாற்காலியின் மேலும் முட்கள் நிறைந்த காய்ந்த பூந்தலை ஒன்றை வைத்திருந்தார்கள். ஒரு சின்னக் கயிறு, ஒரு முள் பூ. நாகரிகமாகவே சொல்லிவிடுகிறார்கள், இது உனக்கில்லை என்று. ஒவ்வோர் அறையிலும் கம்பளிச் சட்டை போட்ட ஒரு தொண்டர் நின்று, யாராவது நெருங்கினால் பேசுவதற்குக் காத்திருந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த அம்மாள் டாம்சினைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் பிரபு போருக்குப் பின் இறந்ததும் வாரிசுகளால் வரி கட்ட முடியவில்லை, வீட்டையும் வெளியே உள்ள பூங்காவையும் ஊருக்கே கொடுத்துவிட்டார்கள் என்று ஆரம்பித்து, சுவரில் தொங்கிய பிரபுவின் அம்மா வரை போனாள். "அவங்களுக்கு மருமகளைக் கண்டாலே ஆகாது. ரெண்டு பேரும் இந்த மேஜையில எதிரெதிரா உக்காந்து, வருஷக்கணக்கா வேலைக்காரன் மூலமாத்தான் பேசிக்குவாங்க." அம்மாள் குலுங்கிச் சிரித்தாள். டாம்சினும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு நொரீனைத் தேடினாள்.

நொரீன் ஜன்னலோரம் நின்று ஓர் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக் கரண்டிகளைப் பற்றிய அட்டை. அவருடைய கண்கள் வரிகளில் நகரவே இல்லை என்பதை டாம்சின் கவனித்தாள். பிறகு அவர் தலையைத் திருப்பி, கணப்பு மாடத்தின் மேலிருந்த தங்க முலாம் பூசிய கடிகாரத்தைப் பார்த்தார். நூலகத்திலும் அப்படித்தான், மாடிப் படிக்கட்டிலும் அப்படித்தான். அறைக்குள் நுழைந்ததும் கண் முதலில் கடிகாரத்தைத்தான் தேடியது. எதற்கோ நேரத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார். பேச வேண்டியதை எங்கே வைத்துப் பேசலாம் என்று இடம் பார்க்கிறார் போலும் என்று டாம்சின் நினைத்தாள். 'நீ என் பையனுக்குப் பொருத்தமில்லை' என்பதைச் சொல்ல எந்த அறை தோதாக இருக்கும்? அவளுக்குள் கோபம் மெல்லச் சூடேறியது. இத்தனை நாளும் அவள் என்ன குறை வைத்தாள்? ஞாயிறுதோறும் போய், உருளைக்கிழங்கு உரித்து, பாத்திரம் துடைத்து, லூயிஸ் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்காராமல் குழம்புக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருக்கும் அந்தப் பெண்மணியிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கப் பார்த்திருக்கிறாள். ஒருதடவைகூட அவர் இவளைக் கட்டி அணைத்ததில்லை.

குதிரைலாயம் இப்போது தேநீர்க் கடையாகியிருந்தது. குதிரைகள் நின்ற மரத் தடுப்புகளுக்கு நடுவே மேஜை போட்டிருந்தார்கள். நொரீன் இருவருக்கும் தேநீரும் ஸ்கோன் என்ற குட்டி ரொட்டியும் வாங்கிவந்தார். தன் ஸ்கோனை இரண்டாகப் பிளந்தார், ஜாம் தடவினார், க்ரீம் வைத்தார், பிறகு தொடவே இல்லை. டாம்சினுக்கு அவரைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது.

"லூயிஸுக்கு ஒரு மெசேஜ் போடட்டுமா? நாம இங்க இருக்கோம்னு. பக்கத்துல எங்கயாவது வேலையா வந்திருந்தா வந்துடுவான்."

நொரீனின் கோப்பை தட்டில் இடித்துச் சத்தம் போட்டது. "வேண்டாம்." சொன்ன வேகத்தை அவரே உணர்ந்திருக்க வேண்டும். கைக்குட்டையால் மேஜையில் சிந்தியதைத் துடைத்தார். "ஆச்சரியம் கெட்டுப்போயிடும் இல்ல."

"அப்ப கண்ணாடிக் கூடத்துக்குப் போவோமா? இன்னும் அந்தப் பக்கமே போகலையே."

"முதல்ல தோட்டத்தைப் பாத்துடுவோம் கண்ணு."

சமையலறை அலமாரிகள் விற்கும் நிறுவனத்துக்காக மாவட்டம் முழுக்கக் காரில் அலைவது லூயிஸின் வேலை. வருகிறேன் என்று சொன்னால் எங்கிருந்தாலும் வந்துவிடுவான். அதை அவள் ஒரு நல்ல குணமாகவே தோழிகளிடம் சொல்லிவந்திருக்கிறாள்.

வெளியே பூங்கா ஊர்க்காரர்களுடையதாக இருந்தது. உள்ளே காசு கொடுத்துப் பார்க்கிறவர்களின் மௌனம் இங்கே இல்லை. சரிவில் குழந்தைகள் உருண்டார்கள். ஒருவர் தன் நாயை ஏரியிலிருந்து வெளியே வரும்படி பெயர் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மேகம் கவிழ்ந்திருந்தாலும் மே மாதம் என்ற ஒரே காரணத்துக்காக மக்கள் போர்வை விரித்து, தோள் தெரியும் உடுப்போடு உட்கார்ந்திருந்தார்கள். நொரீன் எந்தப் பாதைப் பலகையையும் பார்க்காமல் விடுவிடென்று நடந்தார். செங்கல் மதிலில் இருந்த ஒரு பச்சைக் கதவின் முன் போய்த்தான் நின்றார்.

"நீ என்னை எப்படி வேணா நினைச்சுக்கோ," என்றார். "ஆனா உள்ள வா."

மதிலுக்குள் காற்று இல்லை. மாளிகைக்குக் காய்கறி விளைந்த தோட்டம் அது. பேரி மரங்களைச் சுவரோடு சுவராகக் கிளைகளைக் கைகள்போல விரித்துக் கட்டி வளர்த்திருந்தார்கள். கீரைப் பாத்திகளுக்கிடையே, மாளிகையின் சின்னம் போட்ட பச்சைச் சட்டை அணிந்த ஒரு பெண் குழாய்த் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். ஒட்ட வெட்டிய செம்பட்டை முடி. அவள் நிமிர்ந்தபோது டாம்சினுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. லூயிஸின் பழைய பெட்டியில் தற்செயலாகப் பார்த்த படத்தில் அந்த முடி இடுப்புவரை இருந்தது.

"இதுக்குத்தானா?" டாம்சின் நொரீனிடம் கேட்டாள். "கல்யாணத்தை நிறுத்த இவங்களைப் போய்ப் பிடிச்சீங்களா?"

கெர்ரிதான் பேசினாள். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். போன வாரம் கொட்டுற மழையில வந்து நின்னாங்க. இங்க வேலை பாக்கறேன்னு எங்கிருந்து தெரிஞ்சுக்கிட்டாங்களோ தெரியாது. எனக்கு இதுல இழுபட இஷ்டமில்ல. சாப்பாட்டு நேரத்துல அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான்னு சொன்னேன்."

"என்ன சொல்லப் போறீங்க? குடிச்சது, உடைச்சது எல்லாம் பொய்யின்னா?"

"இல்ல. குடிச்சேன். ஒரு தட்டு உடைச்சேன். ஒரே ஒரு தட்டு." கெர்ரி குழாயைப் பாத்தியில் போட்டுவிட்டு உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தாள். "நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. சொன்னா நம்ப மாட்டே. நானா இருந்தா நம்பியிருக்க மாட்டேன். ஒண்ணு ரெண்டு கேக்கறேன், அதுக்குப் பதில்கூட எனக்கு வேண்டாம். நீ தனியா எங்கயாவது போயிட்டு வந்தா, அவன் உன்கூடப் பேசாம இருக்கானா? கத்த மாட்டான், திட்ட மாட்டான். நீ வீட்டிலயே இல்லாத மாதிரி நடந்துக்குவான். அப்படியா?"

"இல்லை," என்றாள் டாம்சின். கடையில் கூட வேலை செய்பவளின் பிறந்தநாளுக்குப் போய்வந்த வாரம் நினைவுக்கு வந்தது. அவள் பேசியதெல்லாம் சுவரில் பட்டுத் திரும்பிய அந்த நாட்களில், காலையில் ஒரே ஒரு கோப்பைத் தேநீர் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்து அவன் குடிப்பான். கடைசியில் அவள்தான் மன்னிப்புக் கேட்டாள். எதற்கு என்று தெரியாமலே கேட்டாள்.

"உன்னோட சொந்தக்காரங்க யாராவது உன்னைப் பத்தித் தப்பாப் பேசினாங்கன்னு அவன் வந்து சொல்லியிருக்கானா? ரொம்பத் தயங்கித் தயங்கி, மனசே இல்லாத மாதிரி?"

"இல்லைங்கறேன்." ஈஸ்டருக்குப் பிறகு டாம்சின் தன் அக்காவோடு பேசவில்லை.

கெர்ரி தலையை ஆட்டினாள். அந்தப் பொய்களில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் டாம்சினுக்குக் குத்தியது. "உங்களை அடிச்சானா?" என்று கேட்டுவிட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது. ஆமாம் என்றால் அது வேறு யாருடைய கதையாகவோ ஆகிவிடும்.

"ஒரு தடவைகூட இல்ல," என்றாள் கெர்ரி. "அதான் யாருகிட்டயும் சொல்ல முடியல. என்னன்னு சொல்றது? டாக்டர்கிட்ட போனா எதைக் காட்டறது?"

மதிலுக்கு அப்பால் நாய்க்காரர் இன்னும் நாயை அழைத்துக்கொண்டிருந்தார். இருவரும் பேசிவைத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள் என்று டாம்சினின் ஒரு மனம் சொன்னது. மகனை விட்டுக்கொடுக்க முடியாத அம்மா ஒருத்தி, தான் விட்டுவந்தவனை இன்னொருத்திக்குக் கொடுக்க முடியாதவள் ஒருத்தி. லூயிஸ் இதைத்தானே சொன்னான்? வார்த்தைக்கு வார்த்தை அவன் சொன்னபடியே நடக்கிறதே? அப்படி நினைத்த அதே நொடியில், அவன் ஏன் அதை முன்கூட்டியே அவ்வளவு விவரமாகச் சொல்லிவைத்தான் என்றும் தோன்றியது. எதை நினைத்தாலும் அதன் பின்னால் இன்னொன்று ஒளிந்து நின்றது.

கெர்ரியின் பார்வை டாம்சினின் கையில் இருந்த போனில் விழுந்தது. "அது அவன் வாங்கிக் கொடுத்ததா?"

"கிறிஸ்துமஸுக்கு. ஏன்?"

"அவனே எல்லாம் போட்டு ரெடி பண்ணிக் கொடுத்தானா?"

டாம்சின் போனைப் பைக்குள் போட்டாள். பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கெர்ரி நொரீனிடம் திரும்பினாள். "உங்களுக்கு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? போனை வீட்டுல வெச்சுட்டு வரச் சொல்லுங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"எப்படிக் கண்ணு சொல்றது? சொன்னா இவ சந்தேகப்பட்டு வராமலே போயிடுவாளேன்னு..."

நொரீன் முடிப்பதற்குள் கெர்ரி நடக்க ஆரம்பித்திருந்தாள். ஓடவில்லை. ஓடினால் யாராவது பார்ப்பார்கள் என்று தெரிந்தவளின் நடை அது. பாத்தியோரம் அவள் விட்டுப்போன தள்ளுவண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அவளுடைய மேல்கோட்டு அதன் கைப்பிடியில் தொங்கியது. குழாய்த் தண்ணீர் கீரைப் பாத்தியிலிருந்து வழிந்து நடைபாதைச் சரளையில் ஓட ஆரம்பித்தது. மறுகோடியில் இருந்த, செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டின் கதவு மூடும் சத்தம் கேட்டது.

நல்ல நாடகம் என்று நினைக்க டாம்சின் முயன்றாள். அப்போது பச்சைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு லூயிஸ் உள்ளே வந்தான். இரண்டு கைகளிலும் ஐஸ்கிரீம் கோன்கள். வேலைக்குப் போடும் நீலக் கோட்டில் அழகாக இருந்தான்.

"இப்படி மாட்டிக்கிட்டீங்களே ரெண்டு பேரும்," என்றான் சிரித்துக்கொண்டே. "சீக்கிரம் வாங்கிக்குங்க, உருகுது."

ஒன்றை அம்மாவிடமும் ஒன்றை டாம்சினிடமும் கொடுத்தான். டாம்சினின் உச்சந்தலையில் முத்தமிட்டான். பிறகு தண்ணீர் வழிவதைப் பார்த்து, நிதானமாகப் போய்க் குழாயை மூடினான். "யாரோ தண்ணியத் திறந்து போட்டுட்டுப் போயிருக்காங்க. என்ன ஜனங்களோ." தள்ளுவண்டியைப் பார்த்தான். அதில் தொங்கிய கோட்டின் கைப் பகுதியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டான். எதுவும் கேட்கவில்லை.

"நாங்க இங்க இருக்கோம்னு எப்படித் தெரியும்?" டாம்சின் கேட்டாள்.

"அம்மாதான் நேத்து போன்ல சொன்னாங்களே. இல்லம்மா?"

நொரீன் மகனைப் பார்க்கவில்லை. ஐஸ்கிரீம் அவர் விரல்களில் இறங்கிக்கொண்டிருந்தது. "ஆமா," என்றார். "நான்தான் சொன்னேன்."

அவ்வளவு சரளமாக வந்தது அது. தேநீர்க் கடையில் அவன் பெயரைச் சொன்னதும் கோப்பையை இடித்த அதே மனுஷி, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், என்ன ஏது என்று கேட்காமல், அவன் நீட்டிய பொய்யைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் குழம்புக் கிண்ணத்தோடு நிற்கும்போது இருந்த அதே முகம். இத்தனை நாளும் அதை டாம்சின் கர்வம் என்று எண்ணியிருந்தாள். கெர்ரி கேட்ட கேள்விகள் செய்யாததை அந்த ஒரு 'ஆமா' செய்தது.

"வா, நீ என்கூட வந்துடு," லூயிஸ் அவள் பிடரியில் கை வைத்தான். மென்மையாகத்தான் வைத்தான். "அம்மா மெதுவா வரட்டும். போற வழியில பேசிக்கிட்டே போகலாம்."

"நொரீனுக்குத் தலை சுத்துதாம்," என்றாள் டாம்சின். தன் குரல் இவ்வளவு இயல்பாக இருப்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. "தனியா ஓட்ட வேண்டாம். நான் அவங்ககூடவே வரேன்."

"அப்படியா?" அவன் அம்மாவைப் பார்த்தான்.

"காலையில எந்திரிச்சதுலேர்ந்தே ஒரு மாதிரியா இருக்குடா," என்றார் நொரீன். "டீ குடிச்சா சரியாகும்னு பாத்தேன்."

லூயிஸ் ஒருத்தி முகத்திலிருந்து இன்னொருத்தி முகத்துக்குப் பார்வையைத் திருப்பினான். அவசரப்படவில்லை. ஒரு சமையலறையை அளக்கும்போது சுவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "சரி," என்றான் கடைசியில். "நான் பின்னாலயே வரேன். பாத்து மெதுவாப் போங்க."

கார் நிறுத்தும் புல்வெளிவரை மூவரும் சேர்ந்தே நடந்தார்கள். பார்த்தவர்களுக்கு ஒரு நல்ல குடும்பமாகத் தெரிந்திருக்கும். லூயிஸ் நடுவில் நடந்தான், கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினான். கண்ணாடிக் கூடத்தைத் தாண்டும்போது, "கல்யாணப் படம் எடுக்க நல்ல இடம்," என்று அவனே சொன்னான். யாரும் அதைப் பற்றி அவனிடம் பேசியிருக்கவில்லை. டாம்சின் உருகிய ஐஸ்கிரீமை ஒரு குப்பைத் தொட்டியில் போட்டாள்.

நொரீன் காரைக் கிளப்ப இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. தலைசுற்றல் இப்போது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். இருபுறமும் லிண்டன் மரங்கள் நின்ற நீண்ட பாதையில் மெல்லத்தான் போக முடிந்தது. லூயிஸின் நீலக் கார் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தது. டாம்சின் போனை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அதை அணைத்தாள். அதன் கருத்த கண்ணாடியில் தன் முகவாய் தெரிந்தது.

"நான் அவன்கிட்ட சொல்லலை," என்றார் நொரீன்.

"தெரியும்."

"அவனைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது கண்ணு. இன்னைக்கும் வரல பாத்தியா. பெத்தவ. அதனாலதான் அவளைத் தேடிப் போனேன்."

டாம்சின் இவரை முழுதாக நம்பிவிட்டாளா என்று கேட்டால், இல்லை. ஒரு பொய்யை அவ்வளவு சுலபமாகச் சொல்லத் தெரிந்தவர் இன்னொன்றையும் சொல்லலாம். இத்தனை வருஷம் எதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாரோ. ஆனால் அந்த நீலக் காரில் தான் இப்போது உட்கார்ந்திருக்கவில்லை என்பதில் அவள் உடம்பு தளர்ந்து மூச்சுவிட்டது. உடம்புக்கு மனதைவிடச் சீக்கிரம் தெரிந்திருந்தது.

பூங்காவின் இரும்பு வாயிலில், பெரிய சாலை குறுக்கே ஓடும் இடத்தில் கார் நின்றது. இடப்பக்கம் போனால் ஊர், வீடு, லூயிஸோடு அவள் குடியிருக்கும் தெரு. நொரீன் இடப்பக்கத்துக்கு விளக்குப் போட்டார். காருக்குள் அது டிக் டிக் என்று அடித்தது. பின்னால் நீலக் காரும் இடப்பக்கத்துக்கே விளக்குப் போட்டது. இடப்பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் தொட்டி வண்டியை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. முந்த வழியில்லாத கார்கள் அதன் பின்னால் நீளமாகச் சேர்ந்திருந்தன. வலப்பக்கமிருந்து எதுவும் வரவில்லை.

"வலது பக்கம் போங்க," என்றாள் டாம்சின்.

"அந்தப் பக்கம் உனக்கு யாரு இருக்கா?"

"தெரியல. டிராக்டர் வர்றதுக்குள்ள திரும்புங்க, நொரீன்."

நொரீன் கண்ணாடியில் தன் மகனைப் பார்த்தார். அவன் கையை உயர்த்தி, 'போங்க, போங்க' என்று சைகை காட்டினான். டிராக்டரின் சத்தம் ஜன்னலில் அதிர ஆரம்பித்தது. நொரீனின் உதடுகள் அசைந்தன, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஸ்டீரிங் வலப்பக்கம் முழுக்கச் சுழன்றது. டிக் டிக் தானாக நின்றது. டிராக்டர்க்காரன் ஹார்னை நீளமாக அழுத்தினான்.

நொரீன் இரண்டு கைகளாலும் ஸ்டீரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்து ஓட்டினார். மழை தூற ஆரம்பித்திருந்தது. டாம்சின் இருக்கையில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். முதலில் டிராக்டர் மட்டும் தெரிந்தது. சாலை வளையும் இடங்களில் அதன் பின்னால் வரும் வரிசை கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பட்டது. ஒரு வெள்ளைக் கார், ஒரு சிவப்பு, படகை இழுத்துவரும் ஒரு வேன், மறுபடியும் ஒரு வெள்ளை. அடுத்த வளைவில் கடைசியாக இன்னொன்று தெரிந்தது. அது நீலமாக இருந்தது, அல்லது மரங்களின் நிழல் விழுந்து அப்படித் தெரிந்தது.